மூன்று முறை கேட்ட பெயர்

வியாழன்

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதி வைக்கிறேன். நாளை தினகரன் சார் கூப்பிட்டுக் கேட்கும்போது பயத்தில் முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் சொல்லிவிடுவேன் என்று தோன்றுகிறது.

பகலில் நான் வேலை பார்ப்பது குன்னூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியின் லேப்பில். மேலே பிரசவ அறை, கீழே லேப். லேப்பை நடத்துகிறவர் தினகரன் சார். மாலையில் குன்னூர் மவுண்ட் ரோட்டில் ஒரு மாடியில் எங்களுக்கு லேப் டெக்னீஷியன் வகுப்பு எடுப்பவரும் அவரே. அதனால் ஒரே ஆளிடம் பகலில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் திட்டு வாங்க முடிகிறது. வகுப்பில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரீசெக். ரத்தம் எடுக்கும்போது ஆளின் பெயரை மூன்று முறை கேட்பேன். கையைத் தொடும்போது ஒன்று, ஊசி குத்தும் முன் ஒன்று, ட்யூப்பில் எழுதும்போது ஒன்று. “ஏன் அம்மிணி, குத்தி முடிக்கறதுக்குள்ள அவங்க பேரு மாறிருமா?” என்று சார் கேலி செய்வார். வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். கேட்பதை மட்டும் விடவில்லை.

காலையில் நல்ல மழை. மேலேயிருந்து வேலாமணி சிஸ்டர் மாடிப்படியில் குனிந்து கூப்பிட்டார்.

“ராஜப்ரியா, வெரசா வா கண்ணு. எஸ்டேட்டுலிருந்து ஒரு பிரசவக் கேஸு. ஜீப்புலயே வலி வந்துருச்சாம். ஹீமோகுளோபின், குரூப்பு, அப்புறம் ரத்தம் ஏத்த வேண்டி வந்தா பாக்கறதுக்கு ஒரு ட்யூப்பு. அவ்வளவுதான்.”

“மஞ்சள் காமாலை டெஸ்ட்டுங்க சிஸ்டர்?”

“அதெல்லாம் அட்டையில எழுதியிருக்குது. நெகட்டிவ். உங்க கேம்ப்புல எடுத்ததுதான்.”

ஜெகதளாவுக்கு மேலே உள்ள அந்த எஸ்டேட்டில் போன மாதம் கேம்ப் போட்டோம். கல்லீரலைக் கெடுத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் பி கிருமி யாருக்காவது இருக்கிறதா என்று தொழிலாளர்கள் எல்லோருக்கும் பார்க்க நிர்வாகமே ஏற்பாடு செய்திருந்தது. ரத்தம் எடுத்தது நான். மெஷினில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது சார். கர்ப்பிணி அட்டையில் அந்த இடம் காலியாக இருந்ததால், கிராம நர்ஸ் எங்கள் கேம்ப் முடிவை எடுத்து அதில் எழுதிவிட்டிருக்கிறார்.

பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த ஒரு டெஸ்ட்டை ஏன் கேட்கிறோம் என்றால், தாய்க்கு அந்தக் கிருமி இருந்தால் பிறக்கும்போதே குழந்தைக்குப் போய்விடும். பிறந்தவுடன் தொற்றியது பெரும்பாலும் உடம்பை விட்டுப் போகாது. வளர்ந்தபின் என்றைக்காவது கல்லீரலில் தன் வேலையைக் காட்டும். தடுப்பூசி எல்லாக் குழந்தைக்கும் பிறந்த அன்றே உண்டு. தாய்க்குக் கிருமி இருப்பது தெரிந்தால் மட்டும் இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியையும் போடுவார்கள். அதைப் பிறந்த அரை நாளுக்குள் போட்டாக வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க அதன் பலன் குறைந்துகொண்டே போகும்.

தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கட்டிலில் படுத்திருந்தவளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், போனதும் விட்டுவிடுவாள். சத்தமே போடவில்லை.

“பேரு என்னங்க?”

“சின்னம்மை.”

வலது கையைத் தொட்டேன். நரம்பு உடனே கிடைத்தது. குத்தும் முன் மறுபடி கேட்டேன். சொன்னாள். ட்யூப்பில் எழுதும்போது மூன்றாவது தடவை கேட்டதும் வலியிலும் சிரித்துவிட்டாள். “சின்னம்மைதான் மிஸ்ஸி. பொறந்ததுலருந்து அதே பேருதான்.” எஸ்டேட்டில் ஊசி போடும் பெண்கள் எல்லோரும் அவர்களுக்கு மிஸ்ஸி. சிலோனிலிருந்து வந்த அவர்களுடைய பெரியவர்கள் கொண்டுவந்த சொல் அது.

அப்போதுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. முகங்கள் எனக்கு மறந்துவிடும். கைகள் மறப்பதில்லை. கேம்ப்பில் சின்னம்மை என்ற பெயரை மூன்று முறை கேட்டது நினைவிருந்தது. இந்தக் காலத்தில் இளம்பெண்களுக்கு யாரும் வைக்காத பெயர் என்று அன்று நினைத்ததும் நினைவிருந்தது. ஆனால் அன்று நான் பிடித்த கையில், வலது முழங்கையின் உள்பக்கம், பழைய தீக்காயத் தழும்பு ஒன்று இருந்தது. தோல் சுருங்கி இறுகிப்போய், அதைத் தவிர்த்து ஓரமாகக் குத்த வேண்டியிருந்தது. கட்டிலில் இருந்த கை சுத்தமாக இருந்தது.

வேறு யாருடைய கையையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று வரிசையில் எத்தனை கைகள் வந்தன. பஞ்சை வைத்து அழுத்தும் சாக்கில் அவளுடைய இடது கையையும் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஸ்வெட்டர், தலையில் துண்டு. “அண்ணி, சூடா ஒரு வாய் தண்ணி குடிக்கிறியா? அண்ணன் வெளிய நின்னு நகத்தையே தின்னு முடிச்சிருச்சு.”

அந்தக் குரலை எனக்குத் தெரியும். கேம்ப்பில், தழும்புக்கு ஓரமாக ஊசியை வைத்துக்கொண்டு நான் தயங்கியபோது, “குத்து மிஸ்ஸி, கொழுந்து எடுக்கிற கை, தேயிலச் செடிக்கே பயப்படாது, ஒன் ஊசிக்கா பயப்படப் போவுது” என்று சொன்ன குரல்.

அவளும் என்னைப் பார்த்தாள். துண்டை இழுத்து விட்டுக்கொண்டு சட்டென்று வெளியே போனாள்.

நடையில் போய்ப் பிடித்தேன். பெஞ்சின் அந்தக் கோடியில் சின்னம்மையின் புருஷன் வடிவேல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்காத தூரத்தில் அவளை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனேன்.

“உங்க பேரு என்னங்க?”

“வாசுகி. எதுக்கு?”

“வலது கை ஸ்வெட்டரைக் கொஞ்சம் மேல ஏத்துங்க.”

“குளிருது.”

“கேம்ப்புல சின்னம்மைன்னு சொல்லி ரத்தம் குடுத்தது நீங்கதானே?”

அவள் முகம் வெளுத்தது. அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இன்னும் ஓரத்துக்கு இழுத்தாள்.

“மெதுவாப் பேசு மிஸ்ஸி. அண்ணிக்கு அஞ்சாம் மாசத்துலருந்து இடுப்பு வலி. மேட்டுக் காட்டுல நிக்க முடியல. பெரட்டுல பேரு விழலைன்னா பிரசவச் சம்பளம் கெடைக்காது. எனக்கு எஸ்டேட்டுல பேரு இல்ல, அதான் அவங்க பேருல நான் போனேன். தலையில முக்காடு, மூஞ்சியில மாஸ்க்கு, இடுப்புல படங்குச் சாக்கு. யாரு யாருன்னு யாருக்குத் தெரியும்? சூப்பர்வைசரும் எங்களுக்கு சித்தப்பா மொறைதான்.”

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பெயர் போடும் இடம். அங்கேதான் நாங்கள் கேம்ப் போட்டிருந்தோம்.

“அன்னிக்கு ரத்தம் எடுக்கவும் அதே பேரைத்தான் கூப்பிட்டாங்க. சின்னம்மைன்னு கூப்பிடறப்ப நான் போயி நிக்கலைன்னா எங்க போனான்னு கேப்பாங்கல்ல? காலையில கொழுந்துக்குப் போட்ட பேரு, பத்து மணிக்கு மாறிட முடியுமா? போயி நின்னேன்.”

“அந்த ரிசல்ட்டை அவங்க அட்டையில எழுதியிருக்காங்க. அவங்களுக்கு டெஸ்ட்டே பண்ணலை.”

“நல்ல ரிசல்ட்டுதானே வந்துச்சு?”

“அது உங்க ரிசல்ட்டுங்க.”

“ஒரே சட்டியில சாப்புடறோம் மிஸ்ஸி. எனக்கு இல்லாதது அண்ணிக்கு எங்கருந்து வரும்?” என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கே அது உறுதியாக இல்லை என்று தெரிந்தது. பிறகு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். “வெளிய சொல்லாத. எஸ்டேட்டுக்குத் தெரிஞ்சா அண்ணிக்கு வேலையும் போயிரும், லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவான். பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவோம்?”

நான் கையை விடுவித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

லேப்பில் யாருமில்லை. சார் வங்கிக்குப் போயிருந்தார். ஹீமோகுளோபின் பார்த்தேன், குரூப் பார்த்தேன், மேலே எழுதி அனுப்பினேன். சிவப்பு மூடி ட்யூப்பில் ரத்தம் உறைந்து மேலே தெளிந்துகொண்டிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுக்காத டெஸ்ட்டைச் செய்யக் கூடாது. சார் முதல் வகுப்பிலேயே சொன்னது அது. ஆனால் நெகட்டிவ் என்று வந்துவிட்டால் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லையே என்று நினைத்தேன். வாசுகியின் ரகசியமும் வெளியே வராது, என் வேலையும் தப்பும். அந்த நினைப்பில்தான் ஹெபடைட்டிஸ் கார்டை எடுத்தேன். அது விரல் நீளப் பிளாஸ்டிக் அட்டை. ஒரு முனையில் ரத்தத்தின் மேல் தெளிந்த நீரை, அதாவது சீரத்தை, சொட்டு விட்டால், கால் மணி நேரத்துக்குள் அட்டையின் சின்ன ஜன்னலில் ஒரு கோடு வந்தால் கிருமி இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது.

முதல் கோடு சீக்கிரமே வந்தது. அதுதான் கார்டு சரியாக வேலை செய்கிறது என்பதற்கான கோடு. இரண்டாவது இடம் வெள்ளையாகவே இருந்தது. மேலே ஒரு கதவு அடித்துச் சாத்துவது கேட்டது. நான் கார்டைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தேன். திரும்பப் பார்த்தபோது பென்சிலால் இழுத்து அழித்ததுபோல ஒன்று தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தேன். இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்தது.

இன்னொரு கார்டு போட்டேன். அதிலும் வந்தது.

சார் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். மேஜையில் இரண்டு கார்டு கிடப்பதைப் பார்த்தார்.

“இதாருக்கு?”

“மேல இருக்கற பிரசவக் கேஸுக்குங்க சார். சின்னம்மை.”

“ஆர்டர் இருக்குதா?”

“இல்லைங்க சார்.”

கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கர்ப்பிணி அட்டையின் நகல் மேஜையில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“நம்ம கேம்ப்பு ரிசல்ட்டு நெகட்டிவ். மெஷின்ல நான் ஓட்டுனது. நான் கையெழுத்துப் போட்டது. இப்ப நீ இந்த மங்கல் கோட்டைக் காட்டிப் பாசிட்டிவ்ங்கற.”

“ரெண்டு கார்டுலயும் வந்திருக்குதுங்க சார்.”

“குளிரு, ஈரம். சில சமயம் கார்டே இப்படிப் பண்ணும். சாம்பிளை எடுத்து வை. நாளைக்கு மெஷின்ல போட்டுப் பாத்துக்கலாம்.”

“நாளைக்குன்னா குழந்தைக்கு ஊசி போடற நேரம் போயிருங்க சார்.”

“ஏம்மா, நீ ஊட்டைப் பூட்டிட்டு வந்தியான்னே ரெண்டு தடவ திரும்பிப் போயிப் பாக்கறவ. ஒன்ற சந்தேகத்தை வச்சு நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை நானே பொய்யின்னு சொல்லட்டுமா? எஸ்டேட்காரன் என்ன கேப்பான்? மத்த அத்தனை பேரு ரிப்போர்ட்டும் இந்த லட்சணந்தானான்னு கேப்பான். ஒரே ஆளுக்குப் போன மாசம் ஒரு முடிவு, இந்த மாசம் ஒரு முடிவுன்னா, அதுக்கு ஒரு காரணம் வேணும். காரணம் இருக்குதா உங்கிட்ட?”

இருந்தது. நாக்கு வரை வந்தது. வாசுகி என் மணிக்கட்டைப் பிடித்த இடம் இன்னும் கதகதப்பாக இருந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தப்பு என்மேல் என்று சொல்லிவிட்டால்? ட்யூப்பில் பெயரை மாற்றி எழுதிவிட்டேன் என்றால்? யார் குடும்பத்தையும் இழுக்காமல் டெஸ்ட்டைச் சரியாகச் செய்ய வைத்துவிடலாம்.

“சார், கேம்ப்புல நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“நீதான் என்ன?”

“ட்யூப்பு மாறிப் போயிருக்கலாம்ங்க சார்.”

அவர் என்னையே பார்த்தார். “நீயா? மூணு தடவ பேரு கேட்டு எழுதறவ நீ. சரி, மாறுச்சுன்னே வெச்சுக்க. யாரோட ட்யூப்போட மாறுச்சு? இவ பாசிட்டிவ்னா, இவளோட பாசிட்டிவ் ரத்தம் அந்தக் கேம்ப்புல இன்னொருத்தி பேருல இருக்கணுமே. அன்னிக்குப் பாசிட்டிவ் வந்தவங்க இருக்காங்கல்ல, அதுல எது நெஜம், எது இவளோடது? அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டுக் குத்தணும். கூப்பிடட்டுமா?”

அவர் சொன்னது சரி. கேம்ப்பில் பாசிட்டிவ் வந்தவர்கள் மருந்து, ஸ்கேன் என்று அலைந்துகொண்டிருக்கிறார்கள். என் ஒரு பொய் அவர்கள் எல்லோருடைய முடிவையும் கலக்கிவிடும். வாசுகியைக் காப்பாற்ற நான் சொல்லப்போகும் பொய் எத்தனை வீட்டுக்குள் போய் நிற்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

“இல்லைங்க சார். ட்யூப்பு மாறலை,” என்றேன்.

“அதைத்தான் நானும் சொல்றேன். போயி வேலையப் பாரு.”

வேலையைப் பார்க்க உட்கார்ந்தேன். பிரசவ அறை நேர் மேலே. கட்டில் கம்பி சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. இப்போது இடைவெளி குறைந்திருந்தது.

நான் யோசித்துக்கொண்டிருந்ததெல்லாம் வாசுகியைப் பற்றி, சாரைப் பற்றி, என்னைப் பற்றி. வேலை சின்னம்மையுடையது. குழந்தையும் அவளுடையது. அவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தோன்றியவுடன் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு, சரிதானா என்று கதவருகே ஒரு தடவை நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மேலே வாசுகி கதவை மறித்து நின்றாள். “எங்க போற? அதான் ரத்தம் எடுத்தாச்சுல்ல?”

“உங்க அண்ணிகிட்டப் பேசணும்.”

“என்கிட்டப் பேசு.”

“உங்களுக்குப் பிறக்கற குழந்தை இல்லைங்க அது,” என்றேன். நான் அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவள் கை கதவிலிருந்து இறங்கியது.

உள்ளே வேலாமணி சிஸ்டர் சின்னம்மையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “மறுபடி என்ன? அக்கட்டால போ கண்ணு, வலி நெருங்கற நேரம்.”

“ஒரு நிமிஷங்க சிஸ்டர்.” கட்டிலின் தலைமாட்டில் குனிந்தேன். “சின்னம்மை, உங்க ரத்தத்துல மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கற மாதிரித் தெரியுது. உங்களுக்கு இப்ப ஒண்ணும் ஆகாது. ஆனா குழந்தைக்குப் போகும். பிறந்தவுடனே ஒரு ஊசி போட்டா பெரும்பாலும் தடுத்துடலாம். அட்டையில கிருமி இல்லைன்னு எழுதியிருக்கறதால அந்த ஊசியப் போட மாட்டாங்க. அட்டையில இருக்கறது யாரு ரத்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்றதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

சிஸ்டரின் கை நின்றுவிட்டது. “என்ன பேசறே நீ? லேப்புக்காரி வந்து பேஷன்ட்டுகிட்ட ரிசல்ட்டு சொல்றதா? டாக்டருக்குத் தெரியுமா?”

சின்னம்மைக்கு அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. கம்பியைப் பிடித்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. அந்த வலி முடியும்வரை சிஸ்டர் மறுபடி அவள் முதுகைத் தேய்த்தார். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

வலி இறங்கியதும் மூச்சு வாங்கிக்கொண்டே கதவுப் பக்கம் பார்த்தாள். “வாசுகி, உள்ள வா.”

வாசுகி வந்து நின்றாள்.

“அன்னிக்கு எடுத்தது மஞ்சக் காமாலைக்கா?”

“ஆமா அண்ணி.”

“சக்கரைக்குன்னு சொன்ன.”

“எனக்கு என்னா தெரியும். ஏதோ சொன்னாங்க.”

“லூசு,” என்றாள் சின்னம்மை. திட்டுவதுபோலத் தெரியவில்லை. பிறகு சிஸ்டரிடம், “டாக்டரக் கூப்புடுங்க. கேம்ப்புல கொடுத்தது நான் இல்ல, இவ. என் பேருல கொழுந்துக்கும் இவதான் போனா. எழுதணும்னா எல்லாத்தையும் சேத்து எழுதிக்குங்க. ஊசிக்குச் சொல்லுங்க மொதல்ல” என்றாள்.

“அண்ணி, வேல...” என்றாள் வாசுகி.

“வேலைய அப்புறம் பாக்கலாம்டி. கையப் புடி, வருது.”

டாக்டர் கீர்த்திவாசன் வந்து எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இன்னும் எனக்குப் புரியவில்லை. “இம்யூனோகுளோபுலின் நம்மகிட்ட ஸ்டாக் இல்லை. ஊட்டி கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில இருக்கும், நான் போன்ல பேசிடறேன். ஆனா லேப் ரிப்போர்ட் கையெழுத்தோட வேணும். உங்க சாரை மேல வரச் சொல்லு.”

சார் மேலே வந்தார். காரணத்தை டாக்டரே சொன்னார். சார் என் பக்கம் திரும்பவில்லை. தானே புது ஊசி பிரித்து, தானே சின்னம்மையின் கையை ரப்பர் பட்டையால் கட்டினார். “பேரு?” என்று ஒரு தடவை கேட்டார். கட்டியதை அவிழ்க்கும் முன் இன்னொரு தடவையும் கேட்டார்.

கீழே புது டப்பாவிலிருந்து கார்டை எடுத்துப் போட்டுவிட்டு இருவரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். இந்த முறை கோடு வராவிட்டால், பிள்ளை பெறுகிற நேரத்தில் ஒரு பெண்ணைத் தன் வேலையைத் தானே இழக்கச் செய்தவள் ஆவேன். வந்தால் அந்தக் கிருமி நிஜம். எது வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

வந்தது. சார் கார்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்தபடியே தெரிந்தது.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். “ஒன்ற சந்தேகம் சரி. ஆனா ரிசல்ட்டைப் பேஷன்ட்டுகிட்டச் சொன்னது தப்பு. எங்கிட்டக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா அவங்க வேலை போயிரும்னுதாங்க சார்...”

“இப்பப் போகாதா?”

நான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

வடிவேல் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஐஸ் டப்பாவுடன் ஜீப்பில் ஊட்டிக்குப் போனான். அவன் அருவங்காட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான், குழந்தை பிறந்துவிட்டது. பெண். எடை குறைவு, ஆனால் நன்றாகவே அழுதாள். எல்லாக் குழந்தைக்கும் போடும் தடுப்பூசியைச் சிஸ்டர் உடனே போட்டுவிட்டார். இன்னொரு தொடை காத்திருந்தது.

மதியம் போனது. கேத்திப் பக்கம் மண் சரிந்து ஒரு வழியாகத்தான் வண்டி விடுகிறார்கள் என்று வடிவேலிடமிருந்து போன் வந்தது. அதன்பின் சிக்னல் இல்லை. வாசுகி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை அவள், “பிறந்து எவ்வளவு நேரமாச்சு?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். குழந்தையின் காலைத் துணிக்குள் இழுத்து மூடினாள்.

விளக்குப் போடும் நேரத்தில் ஜீப் வந்தது. வடிவேல் முழுக்க நனைந்திருந்தான். டப்பாவில் ஐஸ் பாதி கரைந்திருந்தாலும் மருந்து ஜில்லென்று இருந்தது. சிஸ்டர் அதை வெளிச்சத்தில் பார்த்து, உறிஞ்சி, குழந்தையின் வலது தொடையில் போட்டார். குழந்தை வீறிட்டது. சின்னம்மை தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேரம் தப்பவில்லை. அதை மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஞாயிறு

நேற்றும் இன்றும் நான் மேல் மாடிக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று வெள்ளிக்கிழமை கூப்பிட்டு விசாரித்தபோதே சார் சொல்லிவிட்டார். வகுப்புக்கு வரலாம், லேப்பில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவலாம், ரத்தம் எடுக்கக் கூடாது. இந்த மாதம் முடிந்ததும் பார்க்கலாம் என்றார். கேம்ப் ரிப்போர்ட்டில் அந்த ஒரு முடிவைத் திருத்தி எஸ்டேட்டுக்கு அனுப்பினார். அவரும் டாக்டரும் காரணத்தை எங்கேயும் எழுதவில்லையாம். ஆனாலும் நேற்றே எஸ்டேட் ஆபீஸிலிருந்து வடிவேலைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். பிரசவச் சம்பளம் நிற்கிறது. வேலை என்னவாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலாமணி சிஸ்டர் இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, “நீ செஞ்சது சரிதான் கண்ணு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா என்ன பண்றது” என்றும் சொன்னார்.

காலையில் டிஸ்சார்ஜ். குழந்தையோடு மெதுவாக இறங்கி வந்த சின்னம்மை ஜீப்புக்குப் போகாமல் லேப் வாசலில் நின்றாள். நான் கழுவிக்கொண்டிருந்த குடுவையை வைத்துவிட்டுப் போனேன்.

“அடுத்த ஊசி எப்ப மிஸ்ஸி?”

“ஒண்ணரை மாசத்துல. அப்புறம் ரெண்டு தடவை. ஒண்ணைக்கூட விட்டுடாதீங்க. எல்லாம் முடிஞ்சு ஒம்பது மாசத்துக்கு மேல பாப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கணும்.”

“அப்பத் தெரிஞ்சிருமா, வந்திருக்கா இல்லையான்னு?”

“அப்பத்தாங்க தெரியும்.”

“அதுவரைக்கும்?”

நல்லதாக ஏதாவது சொல்ல நினைத்தேன். தெரியாததைச் சொல்ல வாய் வரவில்லை. “தெரியாதுங்க. ஊசி நேரத்துக்குப் போட்டிருக்கோம். பெரும்பாலும் வராது.”

“பெரும்பாலும்,” என்று அவள் திருப்பிச் சொன்னாள். “வீட்டுல எல்லாரையும் ஊசி போட்டுக்கச் சொல்லியிருக்காங்களே?”

“ஆமாங்க. வாசுகிக்கு இல்லைன்னு தெரிஞ்சிருச்சு. உங்க வீட்டுக்காரரும் மத்தவங்களும் முதல்ல டெஸ்ட் பண்ணிக்கணும்.”

“சொல்றேன்.” குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடினாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. “ஒன் மேல கோவமில்ல மிஸ்ஸி. ஆனா இப்ப ஒன்னப் பாத்தா வேலைதான் ஞாபகத்துக்கு வருது. அதான் நேத்து கூப்புடல.”

ஜீப்பின் பக்கத்தில் வாசுகி பையும் பாத்திரமுமாக நின்றிருந்தாள். சின்னம்மை ஏறுவதற்காகக் குழந்தையைக் கையில் வாங்கினாள். வாங்கும்போது அந்தச் சின்னத் தொடையில் பட்டுவிடாமல் கையை இறக்கிப் பிடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. வண்டி மேட்டில் ஏறி மறையும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து மீதிக் குடுவைகளைக் கழுவினேன்.